வகுப்பறையிலிருந்து வந்த பயிற்சியாளர்கள்: அமெரிக்கப் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு தொழில் உருவாகும் விதம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 சீசன்களில் 10 தேசியப் பட்டங்களை வென்றவர் ஜான் வூடன். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 1964இல் முதல் பட்டம், 1975இல் கடைசிப் பட்டம். நடுவில் தொடர்ந்து 88 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இந்த எண்கள் எல்லோர் வாயிலும் இருப்பவை. ஆனால் அவர் பயிற்சியாளர் வேலையைத் தொடங்கியது 1932இல். முதல் தேசியப் பட்டம் கைக்கு வரும்போது வயது 53. அதற்குமுன் உயர்நிலைப் பள்ளிகளில் 11 ஆண்டு, கடற்படையில் சில ஆண்டு, இந்தியானாவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 2 ஆண்டு, யு.சி.எல்.ஏ.விலேயே பட்டம் இல்லாமல் 15 சீசன். பள்ளி, கல்லூரிப் பயிற்சியாளர் என்ற தொழில் எதனால் ஆனது என்று பார்க்க, பட்டம் வாங்கிய ஆண்டுகளைவிட இந்த ஆண்டுகளே அதிகம் உதவும்.

நம் ஊர்ப் பள்ளிகளில் விளையாட்டுக்கென்றே ஒரு பி.டி. வாத்தியார் இருப்பார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பெரும்பாலும் வேறொரு பாடத்தின் ஆசிரியர். வரலாறு, கணக்கு, ஆங்கிலம் என்று பகல் முழுவதும் வகுப்பெடுத்துவிட்டு, மூன்றரை மணிக்கு மேல் உள்ளரங்கத்துக்கு வருவார். அவருக்கு இரண்டு ஒப்பந்தங்கள் உண்டு. ஆசிரியர் வேலைக்கு ஒன்று. பயிற்சிக்கு, சீசன் கணக்கில் ஒரு தொகை தரும் துணை ஒப்பந்தம் இன்னொன்று. அந்தத் தொகை பல மாநிலங்களில் சில ஆயிரம் டாலர்தான். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை மாலைகள், சனிக்கிழமைகள், பேருந்துப் பயணங்கள், எதிரணி ஆட்டங்களைப் பார்க்கப் போகும் இரவுகள் எல்லாவற்றையும் கூட்டி மணிக்கணக்கில் வகுத்தால் மிகச் சொற்பம். டெக்சாஸ் மாதிரி இடங்களில் அமெரிக்கக் கால்பந்தின் தலைமைப் பயிற்சியாளர் வகுப்பே எடுக்காமல் நல்ல சம்பளம் வாங்குவதுண்டு. அதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

துணை ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் பணிப் பாதுகாப்பு கிடையாது. அணி தோற்றுக்கொண்டே இருந்தால் பயிற்சிப் பொறுப்பு போய்விடும். ஆசிரியர் வேலை நிற்கும். இது பலவீனம் போலத் தோன்றினாலும் நீண்ட தொழில்வாழ்க்கைகளுக்கு இதுதான் அடித்தளமாக இருந்திருக்கிறது. சோற்றுக்கு வழி தனியாக இருப்பதால் பயிற்சியாளர் அவசரப்படாமல் ஒரே ஊரில் வேரூன்ற முடிந்தது. மேரிலாந்து மாநிலம் ஹயட்ஸ்வில்லில் உள்ள டிமாத்தா கத்தோலிக்கப் பள்ளியில் மார்கன் வூட்டன் 1956 முதல் 2002 வரை பயிற்சியாளர். வரலாறு கற்பித்தவர். 1,274 வெற்றி, 192 தோல்வி. 1980இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் கூப்பிட்டும் போகவில்லை. ஜெர்சி சிட்டியின் செயின்ட் அந்தோணி பள்ளிக்கு 26 மாநிலப் பட்டங்கள் வாங்கித் தந்த பாப் ஹர்லி ஆசிரியர்கூட இல்லை. நீதிமன்றத்தின் நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர். 2017இல் மூடப்பட்ட அவர் பள்ளிக்குச் சொந்தமாக ஓர் உள்ளரங்கம் இருந்ததில்லை. வெகுகாலம் ஒயிட் ஈகிள் என்ற பிங்கோ கூடத்தில்தான் பயிற்சி.

பள்ளிப் பயிற்சியாளர்களின் வெற்றிக் கணக்கை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசுப் பொதுப் பள்ளி தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளைத்தான் வழக்கமாகச் சேர்க்கும். டிமாத்தா, செயின்ட் அந்தோணி போன்ற கட்டணப் பள்ளிகள் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் சேர்க்கலாம். ஓர் ஊரில் ஆறரை அடிப் பையன் எத்தனை வருடத்துக்கு ஒருவன் வருவான்? இந்தக் கணக்கில் பார்த்தால் டெக்சாஸ், ஃபோர்ட் வொர்த்தில் ராபர்ட் ஹியூஸ் பெற்ற 1,333 வெற்றிகளுக்கு எடை அதிகம். கறுப்பின மாணவர்களுக்கான ஐ.எம். டெரல் பள்ளியில் அவர் தொடங்கினார். 1973இல் அந்தப் பள்ளியை மூடினார்கள். டன்பார் பள்ளிக்குப் போய் 2005 வரை தொடர்ந்தார். தென் மாநிலங்களில் இன ஒருங்கிணைப்பு என்ற பெயரில் பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். அவற்றின் தலைமைப் பயிற்சியாளர்கள் பலர் வேலை இழந்தார்கள், அல்லது வேறொருவருக்குத் துணையாக்கப்பட்டார்கள். ஹியூஸுக்குக் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் (‘ஹால் ஆஃப் ஃபேம்’) இடம் கிடைத்தது 2017இல், ஓய்வு பெற்று 12 ஆண்டு கழித்து.

அட்டையில் எழுதிய இரண்டு மணி நேரம்

வூடன் ஆங்கில ஆசிரியர். கென்டக்கி மாநிலம் டேட்டன் பள்ளியில் முதல் சீசன் 6 வெற்றி, 11 தோல்வி. அவர் வாழ்நாளில் தோல்வி மிஞ்சிய ஒரே சீசன் அதுதான். பிறகு இந்தியானாவில் சவுத் பெண்ட் சென்ட்ரல் பள்ளியில் 9 ஆண்டு: ஆங்கில வகுப்பு, கூடைப்பந்து, பேஸ்பால், டென்னிஸ். அவரிடம் பின்னாளில் கண்ட முறைமை முழுவதும் இந்த வகுப்பறையில் பழகியதே. பாடத்திட்டம் எழுதாமல் வகுப்புக்குள் போகாத ஆசிரியர், அப்படியே பயிற்சிக்கும் போனார்.

யு.சி.எல்.ஏ.வில் காலையில் துணைப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து அன்றைய பயிற்சியைத் திட்டமிடுவார். இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் திட்டமிடவே போகும். முடிவு 3க்கு 5 அங்குல அட்டை ஒன்றில் நிமிடக் கணக்கில் ஏறும்: எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், யார் எந்தக் கூடையில், பந்துகள் எங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியும் ஐந்து, பத்து நிமிடம். அலுப்பு தட்டுவதற்குள் அடுத்தது. கடுமையாக ஓடவிட்ட பிறகே ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்கு ஈடாகத் தடுப்பின்றிக் கிடைக்கும் எறிதல், போடச் சொல்வார், ஆட்டத்திலும் மூச்சு வாங்கும்போதுதானே அதைப் போட வேண்டியிருக்கிறது. சரியாக வரவில்லை என்பதற்காக நேரத்தை நீட்டமாட்டார். நீட்டினால் வீரர்கள் கடைசிக்காகச் சக்தியைச் சேமிக்கப் பழகிவிடுவார்கள். பழைய அட்டைகளைப் பத்திரப்படுத்தி, சென்ற ஆண்டு இதே வாரத்தில் என்ன செய்தோம் என்று எடுத்துப் பார்ப்பார்.

ரொனால்ட் கல்லிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974–75இல், வூடனின் கடைசி சீசனில், 15 பயிற்சிகளை உட்கார்ந்து பார்த்து அவர் சொன்னதையும் செய்ததையும் வகைப்படுத்தி எண்ணினார்கள். மொத்தம் 2,326 செயல்கள். பாராட்டு 6.9 சதவீதம். கடிந்து கொண்டது 6.6 சதவீதம். ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் தகவல்: காலை எங்கே வை, பந்தை எப்போது விடு, யாரைப் பார். நீண்ட உரை என்று எதுவும் இல்லை. தவறு நடந்தால் அவர் செய்வது ஒரு மூன்று படிச் செயல்: சரியான அசைவைச் செய்து காட்டுவார், வீரன் செய்த தவறான அசைவைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். எல்லாம் ஐந்து நொடிக்குள். ஆட்டம் நிற்பதில்லை, மற்ற நான்கு பேர் சும்மா நிற்பதில்லை. வூடன் வரைந்த ‘வெற்றிப் பிரமிடு’ படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பயிற்சியாளர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த அட்டையை எழுத உட்காருபவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

முதல் நாள் பயிற்சியில் சாக்ஸ் போடக் கற்றுக்கொடுப்பார் என்ற செய்தி பலருக்கு வேடிக்கையாகப் படும். காரணம் வெகு சாதாரணமானது. சுண்டுவிரல் பக்கமும் குதிகாலிலும் சாக்ஸ் மடிந்திருந்தால் தோல் உரசிக் கொப்புளம் வரும். திரும்பி, நின்று, திடீரென்று ஓடும் ஆட்டத்தில் அது இரண்டே நாளில் வரும். கொப்புளம் வந்தவன் இரண்டு மூன்று பயிற்சிகளை இழப்பான், ஆடினாலும் ஒரு காலைத் தாங்கி ஆடுவான். பையன்கள் அளவுக்குப் பெரிய ஷூ போடும் வழக்கமும் இதே கேட்டைச் செய்யும். அதனால் ஷூ அளவையும் அவரே சரிபார்ப்பார்.

டிமாத்தாவின் மார்கன் வூட்டனிடமும் இதே மாதிரிக் கைவேலை உண்டு. 1965 ஜனவரி 30 அன்று டிமாத்தா, நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியைச் சந்தித்தது. பவர் மெமோரியல் தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்றிருந்தது. நடுவில் ஏழடி உயரத்தில் லூ அல்சிண்டர், பிற்பாடு கரீம் அப்துல்-ஜபார். அவரிடம் அடிபடாமல் பந்து கூடைக்குப் போக வேண்டுமானால் எறிதலின் வளைவு உயர வேண்டும். வாயால் சொல்லி அது வராது. பயிற்சியில் தடுப்பவர்கள் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார் வூட்டன். மட்டைக்கு மேலே எறிந்து பழகிய கைகள் அன்றிரவு 46–43 என்று வென்றன. அதே அல்சிண்டர் அந்த ஆண்டே யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார்.

15 பட்டமில்லாத சீசன்கள்

அந்தப் பதினைந்தில் வூடன் ஒன்றும் தோற்றுக்கொண்டிருக்கவில்லை; வட்டாரப் பட்டங்கள் வந்தன. ஆனால் பயிற்சி நடந்த பழைய உடற்பயிற்சிக் கூடத்தை அவர் மல்யுத்த, ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1963இல் ஜே.டி. மார்கன் விளையாட்டுத் துறைத் தலைவரானதும் வரவு செலவு, பயண ஏற்பாடு மாதிரியான வேலைகளை வூடனின் தலையிலிருந்து எடுத்தார். 1965இல் பாலி அரங்கம் திறந்தது. துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன் எதிரணிகளை ஆராய்வதிலும் ஆட்களைக் கொண்டுவருவதிலும் கெட்டிக்காரர். முழுக்கள நெருக்கடித் தடுப்பை, ‘பிரஸ்’ என்பதை, மீண்டும் கையில் எடுக்கும்படி வூடனை வற்புறுத்தியவரும் அவர்தான். பள்ளி நாட்களிலேயே வூடன் பயன்படுத்திப் பிறகு கைவிட்டிருந்த உத்தி அது.

1963–64 அணியில் தொடக்க ஐவரில் ஒருவர்கூட ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டவில்லை. 2-2-1 என்ற அமைப்பில் முன்வரிசை இருவர், அடுத்த வரிசை இருவர், கடைசியில் கீத் எரிக்சன். பந்து உள்ளே வருவதை அவர்கள் தடுக்க முயலவில்லை. வரவிட்டு, வாங்கியவனைப் பக்கக்கோட்டை நோக்கி நெருக்கினார்கள். கோடே இன்னொரு தடுப்பாளாக வேலை செய்யும். பந்தைப் பத்து நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டவைக்க வேண்டும் என்ற விதி அவசரத்தைக் கூட்டும். மாட்டிக்கொண்டவன் தூக்கி எறியும் மெதுவான பாஸுக்காக இரண்டாம் வரிசை காத்திருக்கும். பந்தைப் பறிப்பது உபரி லாபம். அசல் நோக்கம், உயரமான எதிரணியை அதற்குப் பழக்கமில்லாத வேகத்தில் ஓடவைப்பது. இதற்கு ஓர் ஓட்டை உண்டு. நல்ல பாஸர் ஒருவர் களத்தின் நடுவில் பந்தை வாங்கித் திரும்பிவிட்டால், கடைசி ஆள் தனியாக இருவரையோ மூவரையோ சந்திக்க வேண்டும். கடைசி ஆளுக்கு அதைக் கணிக்கும் அறிவும் வேகமும் இல்லாவிட்டால் பிரஸ் போடாமலிருப்பதே நல்லது. பள்ளி அணிகளில் பிரஸ் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எரிக்சன் அந்த ஆள். இறுதி ஆட்டத்தில் ஆறடி பத்து அங்குல வீரர்கள் இருவரைக் கொண்ட டியூக் அணி 98–83 என்று தோற்றது. யு.சி.எல்.ஏ.வின் கணக்கு 30–0.

அடுத்த ஆண்டும் பட்டம். அதன்பின் நடந்தது அந்தக் காலத்து விதிகளை நன்றாகக் காட்டும். முதலாண்டு மாணவர்கள் அப்போது முதன்மை அணியில் ஆட முடியாது. 1965 நவம்பரில் அல்சிண்டரின் முதலாண்டு அணி, நடப்புச் சாம்பியனான சொந்தக் கல்லூரியின் முதன்மை அணியை 75–60 என்று தோற்கடித்தது. ஆனாலும் அவர்கள் ஓராண்டு ஓரமாக நின்று கற்றார்கள். அடுத்த மூன்றாண்டும் மூன்று பட்டம். 1968 அரையிறுதியில் ஹூஸ்டனின் எல்வின் ஹேஸைக் கட்டிப்போட, நால்வர் வைர வடிவத்தில் பகுதி காக்க ஒருவர் மட்டும் ஹேஸை விடாமல் ஒட்டிக்கொள்ளும் அமைப்பை யோசித்ததும் நார்மன்தான். யு.சி.எல்.ஏ. 101–69 என்று வென்றது. தலைமைப் பயிற்சியாளரின் பெயரில் எழுதப்படும் வெற்றிகளில் துணையாளரின் பங்கு எவ்வளவு என்பது வெளியே அரிதாகவே தெரியும்.

இந்தப் பொற்காலத்துக்கு ஒரு நிழலும் உண்டு. சாம் கில்பர்ட் என்ற கட்டட ஒப்பந்ததாரர் யு.சி.எல்.ஏ. வீரர்களுக்கு விதி மீறிய உதவிகள் செய்துவந்தார். வூடன் ஓய்வு பெற்ற பிறகு, 1981இல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பல்கலைக்கழகத்தைத் தண்டித்து, கில்பர்ட்டோடு தொடர்பை அறுக்கச் சொன்னது. உறவு வூடன் காலத்திலேயே தொடங்கியது. வூடன் பணம் கொடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை. தன் வீரர்கள் யார் வீட்டுக்குப் போய் வருகிறார்கள் என்பதை அவர் போதிய அளவு விசாரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நிற்கிறது, நியாயமான குற்றச்சாட்டுதான். அதே மனிதர் 1947இல் இந்தியானாவில், கறுப்பின வீரர் கிளாரன்ஸ் வாக்கரை அனுமதிக்காத தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது அணியையே அனுப்ப மறுத்தார். அடுத்த ஆண்டு விதி மாறியது, வாக்கர் ஆடினார்.

சீருடை துவைத்த தலைமைப் பயிற்சியாளர்

பெண்கள் அணிகளில் தொழில் வேறு பாதையில் வளர்ந்தது. 1974இல் டென்னிசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பொறுப்பு பாட் சம்மிட்டின் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 22, முதுகலை மாணவி. மாதம் 250 டாலர். வேனை ஓட்டுவதும் சீருடை துவைப்பதும் அவரே. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வந்திருந்தாலும் பணம் உடனே வந்துவிடவில்லை, பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் போட்டி தொடங்கியதே 1982இல்தான். பயிற்சியாளராகத் தன் முதல் ஆட்டத்தில் சம்மிட் ஒரு புள்ளியில் தோற்றார். முதல் தேசியப் பட்டம் 1987இல். 2012இல் நிறுத்தும்போது 8 பட்டம், 1,098 வெற்றி.

அவர் முறையில் இரண்டு விஷயங்களை எந்தப் பள்ளியும் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஆண் மாணவர்களை வரவழைத்துப் பெண்கள் அணிக்கு எதிராக ஆடவிட்டது. தன் அணியின் ஐந்து பேரை மாற்று ஐவருக்கு எதிராக மட்டும் ஆடவிட்டால், அந்த மாற்று ஐவரின் பலமே பயிற்சியின் உச்சவரம்பாகிவிடும். இரண்டாவது, வகுப்பில் முதல் மூன்று வரிசையில் உட்கார வேண்டும், வகுப்பைத் தவறவிடக் கூடாது என்ற கட்டளை. மதிப்பெண் குறைந்து தகுதி இழக்கும் வீராங்கனையைப் பருவத்தின் நடுவில் ஈடுகட்ட முடியாது. அவரிடம் முழுக் காலமும் ஆடியவர்கள் எல்லோரும் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் பெற்றார்கள்.

மேலே போகும் ஏணி

பள்ளியிலிருந்து நேரடியாகப் பெரிய கல்லூரிக்குத் தாவுவது எப்போதும் அரிது. ஜான் தாம்சன் 1972இல் வாஷிங்டனின் செயின்ட் அந்தோணி பள்ளியிலிருந்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1984இல் என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுத் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மறுபக்கம் அமெரிக்கக் கால்பந்தில் ஜெர்ரி ஃபாஸ்ட். சின்சினாட்டியின் மோல்லர் பள்ளியில் தோல்வியே இல்லாத சீசன்களை வரிசையாகக் கண்டவர் 1981இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஐந்து சீசனில் 30 வெற்றி, 26 தோல்வி, 1 சமன் என்று விலகினார். பள்ளியில் நல்ல மாணவர்கள் தாமாகவே தேடி வரும் இடமாக மோல்லரை அவர் வளர்த்திருந்தார். எதிரணிகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. கல்லூரியில் எதிரே நிற்பவர்களும் அதே தரத்தில் ஆள் சேர்த்தவர்கள், வாரா வாரம் திட்டத்தைக் குலைக்கத் தெரிந்த முழுநேரத் தொழிலர்கள். தாம்சனுக்கு இருந்த சாதகம், ஜார்ஜ்டவுன் அப்போது அடிமட்டத்தில் கிடந்தது. கட்டியெழுப்ப நேரம் கொடுத்தார்கள். நோட்டர் டேமில் முதல் சனிக்கிழமையிலிருந்தே கணக்குப் பார்த்தார்கள்.

வழக்கமான ஏணியில் படிகள் அதிகம். டிமாத்தாவில் வூட்டனுக்குத் துணையாக இருந்த மைக் பிரே 1987இல் டியூக்கில் துணைப் பயிற்சியாளர் ஆகி, டெலவேர் வழியாக நோட்டர் டேம் கூடைப்பந்து அணிக்குத் தலைவரானார். பாப் ஹர்லியின் மகன் டான், நெவார்க்கின் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளியில் 2001 முதல் 9 ஆண்டு இருந்துவிட்டு, வாக்னர் என்ற சிறு கல்லூரி, ரோட் ஐலண்ட், பிறகு கனெடிகட் என்று போய் 2023, 2024 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்றார். சிறு கல்லூரியில் தலைவராக இருப்பது இந்த ஏணியின் மிக முக்கியமான படி. தோற்றாலும் தலைப்புச் செய்தி ஆகாத இடத்தில் ஆள் சேர்க்கவும், துணையாளர்களைத் தேர்ந்தெடுக்கவும், பயண அட்டவணை போடவும் பழகலாம்.

மற்றவர்கள் துணைப் பயிற்சியாளராக நுழைகிறார்கள். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி, யாரைக் கூட்டி வருவாய் என்பது. 1983இல் கான்சஸ் பல்கலைக்கழகம் எட் மேனிங்கைத் துணைப் பயிற்சியாளராக எடுத்தது. அவர் மகன் டேனி அந்த அணியில் சேர்ந்து 1988இல் பட்டம் வாங்கித் தந்தார். பள்ளிப் பயிற்சியாளரை அவரது நட்சத்திர மாணவனுக்காகவே வேலைக்கு எடுக்கும் வழக்கம் பரவியதால், அத்தகையவர்களைப் பயிற்சி சாராத பதவிகளில் அமர்த்துவதற்கு என்.சி.ஏ.ஏ. பின்னாளில் கட்டுப்பாடு விதித்தது.

இன்றைய நிலையில் பெரிய மாற்றம் கால அளவில். வூடனுக்கு ஒரு மாணவன் நான்கு ஆண்டு கிடைத்தான். 2006 முதல், தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்டு’க்குப் பள்ளி முடித்து ஓராண்டு ஆனவர்களே வரலாம் என்றானது; சிறந்தவர்கள் பலர் அந்த ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுப் போனார்கள். 2021இல் கல்லூரி மாறுபவர் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை என்ற விதியும், தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கும் உரிமையும் வந்தன. மாணவர்களுக்கு இது நியாயம்தான். வூடனின் சம்பளமே 35,000 டாலரைத் தாண்டியதில்லை என்றாலும் அவருக்குப் பின் வந்தவர்கள் கோடிகளில் வாங்கியபோது ஆடியவர்களுக்கு விதிப்படி கல்வி உதவித்தொகையைத் தவிர ஒன்றும் கிடைக்காமலிருந்தது. ஆனால் பயிற்சியாளரின் வேலை உருமாறிவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி அணியைப் புதிதாகச் சேர்க்க வேண்டும், இருப்பவர்களைத் தக்கவைக்கப் பேரம் பேச வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற பயிற்சி வரம்புக்குள் புதியவர்களுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வர்ஜீனியாவின் டோனி பென்னெட், 2019இல் பட்டம் வென்றவர், 2024 அக்டோபரில் சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது விலகினார்.

இதற்கிடையே 2023 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிகளுக்கு இரண்டு துணைப் பயிற்சியாளர் இடங்களைக் கூடுதலாக அனுமதித்தது. அவர்கள் களத்தில் கற்பிக்கலாம். அப்போதைய விதிப்படி வளாகத்துக்கு வெளியே போய் ஆள் சேர்க்கக் கூடாது. கையில் நட்சத்திர மாணவன் எவனும் இல்லாத, ஆனால் பயிற்சி அட்டையை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கல்லூரிக்குள் நுழைய அப்போது திறந்த வாசல் அந்த இரண்டு இடங்கள்.